மேட்டுப்பாளையம் கியர்பாக்ஸ் பட்டறை: பிரிப்பதற்கு முன் காது கொடுத்துக் கேட்கிறார்கள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிகளில் இறக்குவது என் தொழில். அதற்காக 2019-இல் வாங்கிய நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப், ஐந்து கியர் மேனுவல் வண்டி, வாரத்தில் ஐந்து நாள் மலை ஏறி இறங்கி இதுவரை 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த ஆவணியில் அதில் ஒரு சத்தம் தொடங்கியது. எடை போடும் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் காத்திருக்கும்போது, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போலக் கடகடவென்று வண்டியின் வயிற்றிலிருந்து கேட்கும். கிளட்சை மிதித்தால் அடங்கும். காலை எடுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். இரண்டு மாதத்தில் அது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

முதலில் நான் போனது இந்தப் பட்டறைக்கு அல்ல. எட்டு மாதங்களுக்கு முன் கிளட்ச் மாற்றிக்கொடுத்த இடத்துக்கே சென்றேன். காலையில் குளிர்ந்து கிடந்த எஞ்சினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, கியர்பாக்ஸ் பேரிங் போய்விட்டது, முழுக்கப் பிரித்துச் செய்ய வேண்டும், கிளட்ச் செட்டும் சேர்த்து 46,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்த ஊகத்தை அடியோடு தவறு என்று சொல்ல முடியாது. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்டின் பேரிங் தேய்ந்தாலும், கிளட்சை மிதித்தவுடன் சத்தம் அடங்கத்தான் செய்யும். ஆனால் ஒரே அறிகுறி இரண்டு மூன்று காரணங்களுக்குப் பொதுவாக இருக்கும்போது, அவற்றைப் பிரித்தறியும் அடுத்த சோதனையைச் செய்யாமல் 46,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மண்டியில் லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அன்னூர் சாலைப் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறையைச் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது, அந்தப் பகுதியில் கியர்பாக்ஸ் பட்டறை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். தகரக் கொட்டகை, ஒரு குழி, அறுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி, அவரிடம் தொழில் பழகும் இரண்டு பையன்கள், அவ்வளவுதான். தொலைபேசியில் நான் சத்தத்தை விவரித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, காலையில் அதிகமா, ஓடி நின்ற பிறகு அதிகமா என்பது. ஓடிய பிறகுதான் என்றேன். “அப்ப லோடு ஓட்டுன சூட்டோட கொண்டாங்க தம்பி, வாசல்ல வந்து ஆஃப் பண்ணீராதீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கியர் ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருந்து பற்களின் ஆட்டத்தைத் தானே பிடித்துவைத்துக்கொள்கிறது. சூடேறி இளகிய பிறகுதான் இந்த வகைச் சத்தம் முழுதாக வெளியே வருகிறது. குளிர்ந்த வண்டியில் இதைக் கேட்க முயல்வது, காய்ச்சல் விட்ட நேரத்தில் நோயாளியைப் பார்ப்பது போன்றது.

அன்று அவர் செய்த சோதனையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டறையின் மதிப்பே அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. முதலில் கியர் கம்பியின் குமிழைக் கையால் இறுக்கிப் பிடித்தார். கம்பியின் அடிப் புஷ் தேய்ந்திருந்தால் பிடித்ததும் சத்தம் நின்றுவிடுமாம், நிற்கவில்லை. அடுத்து கிளட்ச் பெடலை ஓர் அங்குலம் மட்டும், தொட்டும் தொடாமலும் அழுத்தினார். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோ அதைத் தள்ளும் ஃபோர்க்கோ ஆடிக்கொண்டிருந்தால் அந்த லேசான அழுத்தத்திலேயே சத்தம் மாறும், மாறவில்லை. பிறகு முழுவதும் மிதித்துக் காத்திருந்தார். இங்கேதான் நான் இத்தனை நாளும் கவனிக்காத ஒன்றைக் காட்டினார்: சத்தம் வெட்டியது போல நிற்கவில்லை, இரண்டு மூன்று நொடியில் தேய்ந்து அடங்கியது. எஞ்சினிலிருந்து பிரிக்கப்பட்ட பிறகு, கியர்பாக்ஸுக்குள் சுழன்றுகொண்டிருந்த ஷாஃப்டுகள் வேகம் குறைந்து நிற்பதற்கு ஆகும் நேரம் அது. ஆகவே சத்தம் எழும் இடம் கியர்பாக்ஸுக்குள்தான் என்பது உறுதியானது. மிதித்த நிலையில் புதிதாகக் கிர்ர் என்ற ஒலி ஏதும் எழவில்லை என்பதால் ரிலீஸ் பேரிங் பழுதில்லை. மிதித்தபடியே முதல் கியரில் போட்டு நிறுத்தினார். அந்த நிலையில் எஞ்சினின் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்ற, இன்புட் ஷாஃப்ட் அசையாமல் நிற்பதால், இரண்டுக்கும் நடுவே, எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் பைலட் பேரிங் கெட்டிருந்தால் முனகும். அதுவும் அமைதியாக இருந்தது.

இதற்குப் பிறகு செய்ததுதான் முதல் பட்டறையின் கணிப்பைத் தீர்த்துவைத்தது. நியூட்ரலில், கிளட்ச் விட்ட நிலையில், எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எஞ்சினோடு இணைத்த ஸ்கேனர் கருவி நிமிடத்துக்கு 780 சுற்று காட்டியபோது கடகடவென்று இருந்த சத்தம், 950-ஐ நெருங்கும்போது மெலிந்து, 1,100-இல் காணாமலே போனது. பேரிங் தேய்ந்திருந்தால் வேகம் கூடக்கூட உறுமலும் கூடியிருக்கும். வேகம் ஏறினால் மறைகிற சத்தம், பேரிங் சத்தமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கியர்பாக்ஸின் முன்பக்கம், நடு, வால் என்று ஒவ்வோர் இடமாக ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். பேரிங் உட்கார்ந்திருக்கும் முன்பகுதியில் கரகரப்பு எதுவும் இல்லை. பற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும் ஓசை மட்டும், சோழிகளைக் கையில் வைத்துக் குலுக்குவது போல, நடுப்பகுதி முழுவதும் பரவிக் கேட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதை அவர் பையன்களுக்குச் சொல்லும்போது நானும் கேட்டுக்கொண்டேன். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. 800 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1,600 அடி, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 27 அடி. ஒவ்வோர் அடியிலும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு கணம் விரைந்து மறுகணம் தளர்கிறது. டீசலில் இந்தக் குலுக்கல் பெட்ரோலைவிடப் பலமானது. நியூட்ரலில் கிளட்ச் விட்டிருக்கும்போது இன்புட் ஷாஃப்டும், அதோடு எப்போதும் பற்கோத்திருக்கும் அடி ஷாஃப்டும், அது சுற்றிவிடும் மற்ற கியர்களும் சும்மா சுழல்கின்றன. அவற்றின் மேல் பாரம் இல்லாததால், பற்களுக்கிடையே இருக்க வேண்டிய அந்த மயிரிழை இடைவெளியில் முன்னும் பின்னும் மோதிக்கொள்கின்றன. வேகம் கூடும்போது ஃப்ளைவீலின் ஓட்டம் சீராகிவிடுவதால் சத்தம் மறைகிறது. இந்தக் குலுக்கல் கியர்பாக்ஸுக்குப் போகாமல் நடுவில் வாங்கிக்கொள்வதற்காகத்தான் கிளட்ச் பிளேட்டின் மையத்தில் ஸ்பிரிங்குகள் வைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் இந்த வேலையை இரண்டு துண்டுகளாலான ஃப்ளைவீலே செய்கிறது. அது தளர்ந்தால் எஞ்சினை அணைக்கும் நொடியில் மடாரென்று அடிக்கும் ஓசை தனியாகக் கேட்கும். என் வண்டியில் இருப்பது ஒற்றை ஃப்ளைவீல் என்பதால் பொறுப்பு முழுவதும் பிளேட்டின் தலையில்தான்.

அத்தோடு விட்டுவிடாமல் காரமடை சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் கியரில், நான்காம் கியரில், ஐந்தாம் கியரில் ஒரே வேகத்தில் ஓட்டி ஒலியை ஒப்பிட்டார். பின் சக்கரத்துக்கு இழுவை போகும் இதுபோன்ற பெட்டியில் நான்காம் கியர் நேரடி கியர். இழுவை அடி ஷாஃப்டைத் தொடாமல் நேராகப் பின்னால் போய்விடும். மற்ற கியர்களில் இரைந்து நான்காம் கியரில் மட்டும் அடங்கினால் அடி ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். எனக்கு மூன்றிலும் வித்தியாசம் இல்லை. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று அவர் அப்போதுதான் வாய் திறந்து சொன்னார்.

வழியில் இன்னொரு ஒலியும் பிடிபட்டது. இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும்போது சலசலவென்று வந்ததை நான் இதே நோயின் பகுதியாக நினைத்திருந்தேன். திரும்பி வந்ததும் குழியில் இறங்கி ஒரு மரக்கட்டையால் சைலன்சர் குழாயின் வெப்பத் தகட்டை அழுத்திக்கொண்டு, பையனை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார், சலசலப்பு நின்றது. கிளாம்ப் அறுந்திருந்தது. விலை 60 ரூபாய். இரண்டு சத்தம் ஒன்றாகக் கலந்து கேட்கும்போது வெளியில் இருக்கும் எளியதை முதலில் விலக்கிவிட வேண்டும் என்பதை இவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். ஸ்கேனரில் மூன்றாவது சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மட்டும் மற்றவற்றைவிட எரிபொருள் அளவில் அதிகத் திருத்தம் கேட்பதும் தெரிந்தது. ஒரு சிலிண்டர் சோர்ந்தால் எஞ்சினின் குலுக்கல் கூடி, கியர்பாக்ஸின் தட்டலும் கூடும். இன்ஜெக்டர் வேலை இங்கே செய்வதில்லை. கோயம்புத்தூரில் ஒரு டீசல் பம்ப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே சுத்தம் செய்து பொருத்த 1,800 ரூபாய் ஆனது. அது முடிந்தபோது சத்தத்தில் கால்வாசி குறைந்ததாக எனக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை கியர்பாக்ஸை இறக்கினார்கள். முதலில் ஆயிலைத் தட்டில் வடித்து, வடிகால் போல்ட்டின் காந்த நுனியை விரலால் வழித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மை போன்ற மெல்லிய பசை மட்டுமே ஒட்டியிருந்தது. துணுக்குகள் இல்லை, கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் சின்குரோ வளையம் தேய்ந்தால் தெரியும் பித்தளைப் பொடியின் மினுக்கும் தட்டில் இல்லை. இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சத்தத்தை அமுக்குவதற்காக எண்பது தொண்ணூறு (80W-90) எண் கொண்ட கியர் ஆயிலுக்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான நூற்று நாற்பது (140) ஆயிலை ஊற்றிக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கும் ஒருவர் அதைச் சொன்னார். கோத்தகிரியின் மார்கழிக் காலையில் அந்தக் கெட்டி ஆயிலோடு இரண்டாம் கியரில் போடுவது எவ்வளவு கடினம் என்பது மலையில் வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். நோயும் உள்ளேயே இருக்கும். மேஸ்திரி கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்து அதில் சொன்ன ஜிஎல்-4 ரகத்தையே ஊற்றினார். ஜிஎல்-5 மேலான ரகம் என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சின்குரோவின் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால், புத்தகம் கேட்காத வண்டியில் அதை ஊற்றுவது நல்லதல்ல.

கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்ததும், புதிதாக வாங்கிவந்த பிளேட்டையும் அதன் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தார். விட்டம் ஒன்று, நடுத்துளையின் பற்களும் ஒன்று. எட்டு மாதத்துக்கு முன் மாட்டியவர்கள் தவறவிட்டதில் வியப்பில்லை. பழையதில் நான்கு தடித்த ஸ்பிரிங்குகள் மட்டும் இருந்தன. புதியதில் அந்த நான்கோடு, மையத்தை ஒட்டி உள்வட்டத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத மெல்லிய ஸ்பிரிங்குகள் தனியாக இருந்தன. ஒரு பழைய இன்புட் ஷாஃப்டைத் துளையில் செருகி என்னையே திருகிப் பார்க்கச் சொன்னார். புதியது கைவிசைக்கே சில டிகிரி இளகிக் கொடுத்துப் பிறகு கெட்டியாக நின்றது. பழையது பாறை போல அசையவில்லை; அதன் நான்கு ஸ்பிரிங்கில் ஒன்று மட்டும் தன் சன்னலுக்குள் லொடலொடவென்று விரலுக்குச் சுற்றியது. தடித்த ஸ்பிரிங்குகள் வண்டி பாரம் இழுக்கும்போது வேலை செய்பவை. நியூட்ரலின் சிறிய குலுக்கலை வாங்குவதற்கு அந்த மெல்லியவைதான் வேண்டும். அவை இல்லாத மலிவான பிளேட்டைப் போட்டதுதான் என் கியர்பாக்ஸின் மேல் விழுந்த பழிக்குக் காரணம். ஷாஃப்டைத் திருகிய என் கைக்கே விஷயம் புரிந்துவிட்டதால் அவர் மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதன் நடுவிலுள்ள விரல் போன்ற ஸ்பிரிங் நுனிகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று அளந்து, சூட்டில் நீலம் பாய்ந்த தடம் இல்லை என்பதையும் பார்த்துவிட்டு, இன்னும் ஓடும் என்று திரும்பப் பூட்டினார். ஃப்ளைவீல் முகத்தைத் தேய்ப்புத் தாளால் சுத்தம் செய்து, கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். ரிலீஸ் பேரிங்கும் பைலட் பேரிங்கும் மட்டும், பழுதில்லை என்றாலும், பெட்டி இறங்கியிருக்கும்போதே மாற்றுவது நல்லது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு மாற்றினார். பில் இப்படி: பிளேட் 3,650, ரிலீஸ் பேரிங் 1,450, பைலட் பேரிங் 280, ஆயில் 1,150, கிளாம்ப் 60, ஏற்றி இறக்கும் கூலி 4,500, சோதனைக்கு 500, ஆக 11,590 ரூபாய். இன்ஜெக்டர் செலவைச் சேர்த்தாலும் 13,390 தான். கழற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே வைத்துவிட்டார்கள்.

சோதனைக்கென்று 500 ரூபாய் தனியாக வாங்குவதைப் பற்றிச் சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்தப் பட்டறையில் மிக நியாயமான கட்டணம் அதுதான். கேட்பதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் காசு இல்லை என்றால், பாகத்தை விற்றுத்தான் பட்டறைக்காரர் சம்பாதிக்க முடியும். அப்போது எந்தச் சத்தத்துக்கும் விடை ஒரு புதிய செட்டாகத்தான் இருக்கும்.

குறைகளும் உண்டு. ஒரே குழி என்பதால் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். எனக்கு ஆறு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. தினமும் ஓடினால்தான் பிழைப்பு என்றிருப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஒரு நாளில் முடியும் என்ற வேலை, பிளேட் கோயம்புத்தூரிலிருந்து வரத் தாமதமானதால் இரண்டரை நாள் ஆனது. தாமதமாகும் என்று அவர்களாகத் தொலைபேசியில் சொல்லவில்லை. நான்தான் கூப்பிட்டுத் தெரிந்துகொண்டேன். இதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். பில்லில் பிளேட்டின் பாக எண்ணை எழுதியிருக்கவில்லை. தவறான பிளேட்டால் வந்த கோளாறைச் சரிசெய்தவர்கள் அந்த எண்ணைத் தாமாகவே எழுதித்தர வேண்டும் என்று சொன்னேன், மறுப்பில்லாமல் எழுதிக்கொடுத்தார்கள். காத்திருக்க நிழலான இடம் கிடையாது, எதிர்ப்பக்கத்து டீக்கடைதான் கதி.

வண்டியை எடுத்து இப்போது 7,200 கிலோமீட்டர் ஆகிறது. சத்தம் அறவே ஒழிந்துவிட்டது என்று எழுத மாட்டேன். நிறைபாரத்தோடு மலை ஏறி, ஆயில் நன்றாகச் சூடான நிலையில் நியூட்ரலில் நின்றால், கதவைத் திறந்து குனிந்து கேட்பவருக்கு மிக லேசான ஒரு தட்டல் கேட்கும். அந்த அளவு இந்த வகைப் பெட்டிக்கு இயல்பு என்றும், அதை நீக்கப் போனால் இருப்பதும் கெடும் என்றும் மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். பாரத்தோடு 1,300 சுற்றுக்குக் கீழே எஞ்சினைத் திணறவிடாமல் ஒரு கியர் குறைக்கும்படியும் சொல்லியிருந்தார். ஏனென்றால் அந்தத் திணறலில் கியர் போட்ட நிலையிலும் மற்ற பற்கள் இதேபோலத் தட்டும். வேலைக்கு முன்பும் பின்பும் வண்டியைப் பட்டறை வாசலில் ஒரே இடத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடு ஒரே அளவில் இருக்கும்போது, என் கைபேசியிலேயே சத்தத்தைப் பதிவுசெய்ய வைத்தார். 10,000 கிலோமீட்டரில் அந்தப் பதிவோடு வந்து மறுபடியும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பில்லின் பின்பக்கம் எழுதியிருக்கிறார். அதற்குக் காசு கிடையாது என்பதையும் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போக விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, முந்தைய வாரமே சொல்லிவைத்துவிட்டு, காலை லோடை இறக்கிய கையோடு, எஞ்சினை அணைக்காமல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.